ஒரே கணினி, இரண்டு இயங்குதளம்: பூட்டிய வட்டை உடைத்துத் திறக்காதீர்கள்!

இரவு மணி 1.40. காலை 8 மணிக்குள் இடுபணியை அனுப்பியாக வேண்டும். விடுதி அறையில் தோழி தூங்கிவிட்டாள். என் காதொலிக் கருவியில் பாட்டி பேசிக்கொண்டிருந்தார். விடியற்காலை பெரட்டுக்குப் போனது, மங்கு துடைத்தது, மழை பெய்த நாளில் சம்பளம் இல்லாமல் வீடு திரும்பியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

அவரது குரலைக் கேட்க முடிந்தது. ஆனால், அந்தப் பதிவில் ஒரு விநாடியைக்கூட வெட்டிச் சேமிக்க முடியவில்லை. "இந்த வட்டில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும்" என்று கணினி திரும்பத் திரும்பச் சொன்னது.

பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவி. விருப்பப் பாடமாக உள்ளூர் வரலாற்றை எடுத்திருந்தேன். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு, அதை எழுத்திலும் ஒலியிலும் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் இடுபணி. தீபாவளி விடுமுறையில் கெடாவுக்குப் போனபோது, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் நான்கு மணி நேரம் பேசிப் பதிவு செய்தேன். அதன்பிறகு பாட்டிக்கு நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது. இன்று அதே கதையை மறுபடியும் சொல்லச் சொன்னால் அவரால் முடியாது. அந்தப் பதிவுக்கு வேறு நகல் இல்லை. கணினி படிக்கும் பெண் நகல் எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், திட்டு வாங்க வேண்டியவள்தான் நான்.

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருக்கும் மாணவர்கள் இப்போது நிறைய பேர். நிரல் எழுதும் பாடங்களுக்கு லினக்ஸ் தேவைப்படுகிறது. மற்ற வேலைகளுக்கும் விளையாட்டுக்கும் விண்டோஸ் வேண்டியிருக்கிறது. ஆனால், ஒன்றில் வைத்த கோப்பை மற்றொன்றிலிருந்து எடுப்பது எப்படி, எப்போது எடுக்கக்கூடாது என்பதைப் பலரும் என்னைப்போல் அடிபட்ட பிறகே கற்றுக்கொள்கிறார்கள். அந்த இரவில் நான் கற்றதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அண்ணன் கேட்ட ஒரு கேள்வி

வட்டு ஏன் பூட்டிக்கொண்டது என்று இணையத்தில் தேடினேன். "இந்த ஒரு கட்டளையைத் தட்டினால் பூட்டு திறந்துவிடும்" என்று யாரோ எழுதியிருந்தார். அந்தக் கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். என்டர் விசையைத் தட்டுவதற்கு முன்பு ஒரு சந்தேகம். பினாங்கில் கணினித் துறையில் வேலை செய்யும் பெரியம்மா மகனை அழைத்தேன். நல்லவேளை, இரவுநேர வேலையில் இருந்தார்.

"பாப்பா, அதைத் தட்டாதே. விண்டோஸை ஒழுங்காக அடைத்தாயா, இல்லை மூடியை மட்டும் மூடினாயா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். மாலையில் நூலகத்தில் விண்டோஸில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். நேரமாகிவிட்டதால் மூடியை மூடிப் பைக்குள் போட்டேன். அறைக்கு வந்தபோது கணினி அணைந்திருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து, மின்சாரம் கொடுத்து, இந்த முறை உபுண்டு லினக்ஸைத் திறந்தேன்.

"அப்படியென்றால் விண்டோஸ் சாகவில்லை, தூங்குகிறது. கடைசியாக என்ன திறந்து வைத்திருந்தாய்?"

அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பாட்டியின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் தட்டிய ஒன்பது பக்கங்கள் ஒரு சின்ன எழுத்துச் செயலியில் திறந்திருந்தன. முதல் இரண்டு பக்கங்களுக்குப் பிறகு சேமித்த ஞாபகமே இல்லை.

"அந்தக் கட்டளையைத் தட்டியிருந்தால் மீதி ஏழு பக்கமும் போயிருக்கும்," என்றார் அண்ணன்.

555 புத்தகமும் உறங்கும் விண்டோஸும்

ஏன் அப்படி? மளிகைக் கடைகளில் முன்பு இருந்த 555 கடன் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒருவர் பாதிக் கணக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டு, மீதியை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிடுகிறார். அந்த நேரத்தில் வேறொருவர் வந்து அதே பக்கத்தில் புதிய கணக்கை எழுதுகிறார். கடைக்காரர் விழித்ததும், புத்தகம் தான் விட்ட நிலையிலேயே இருக்கிறது என்று நம்பி, மனத்தில் இருந்ததை அதே இடத்தில் எழுதுகிறார். இரண்டு கணக்கும் குழம்பிவிடும்.

விண்டோஸ் ஹைபர்னேட் எனும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது இதுதான் நடக்கிறது. நினைவகத்தில் இருப்பதை, சேமிக்காத பக்கங்கள் உட்பட, வட்டில் ஒரு பெரிய கோப்பாக எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கிறது. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பின் ஒரு பகுதியும் அந்த உறக்கக் கோப்புக்குள் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அங்கே எழுதினால், விண்டோஸ் விழித்ததும் கோப்புகள் சிதைய வாய்ப்பு உண்டு. அதனால்தான் லினக்ஸ் முன்னெச்சரிக்கையாக "படிக்கலாம், எழுதக்கூடாது" என்று தடுக்கிறது. நான் தொல்லை என்று நினைத்த பூட்டுதான் என்னைக் காப்பாற்றியது.

நான் தட்டவிருந்த கட்டளை அந்த உறக்கக் கோப்பையே அழிக்கும் கட்டளை. பூட்டு திறந்திருக்கும். ஆனால், விண்டோஸ் நினைவில் வைத்திருந்த அனைத்தும் அதோடு அழிந்திருக்கும்.

அண்ணன் சொன்ன வழி இரண்டே படிகள். முதலாவது, படிக்க முடிகிறது என்பதால் ஒலிப்பதிவுகளை உபுண்டு பக்கத்துக்கு உடனே நகலெடுப்பது. நகலெடுப்பதற்குப் படிக்கும் உரிமை போதும், எழுதும் உரிமை தேவையில்லை. பதற்றத்தில் இந்த எளிய உண்மைகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது, கணினியை மறுபடியும் தொடங்கி விண்டோஸுக்குள் போய், விட்ட இடத்திலிருந்து அதை விழிக்கச் செய்து, ஆவணத்தைச் சேமித்துவிட்டு, 'ரீஸ்டார்ட்' கொடுப்பது.

விண்டோஸ் விழித்தது. ஒன்பது பக்கங்களும் திரையில் இருந்தன. அந்த நிமிடம் என் கண்ணில் நீர் வந்ததை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

'ஷட் டவுன்' கொடுத்தாலும் முழுதாக அணைவதில்லை

"நான் எப்போதும் ஒழுங்காக ஷட் டவுன் கொடுப்பேன், எனக்கு இந்தப் பிரச்சினை வராது" என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் உட்கரு மட்டும் உறக்கக் கோப்பாக வட்டில் எழுதப்படும். அடுத்த முறை கணினி வேகமாகத் திறப்பதற்காகவே இந்த ஏற்பாடு. விண்டோஸ் மட்டும் இருக்கும் கணினிக்கு இது நன்மை. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிக்கு இதுவே பூட்டு.

வியப்பான விஷயம் என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் விண்டோஸ் முழுமையாக அடைபடுகிறது. ஆகவே, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அடைபடும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் அந்த வசதியையே நிறுத்திவிடலாம். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். மின்விசைகள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்வு செய்யும் இணைப்பைச் சொடுக்குங்கள். மங்கலாகத் தெரியும் அமைப்புகளை மாற்ற அனுமதி கேட்கும் வரியைச் சொடுக்கிய பிறகு, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். கணினி திறக்கச் சில விநாடிகள் கூடலாம், அவ்வளவுதான்.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டுக்கு

விண்டோஸ் தன் கோப்புகளை என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அடுக்கி வைக்கிறது. 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த முறை இது. இதன் முழு உள்விவரம் வெளியிடப்படாததால், லினக்ஸ் நிரலாளர்கள் வட்டை ஆராய்ந்து ஆராய்ந்துதான் அதைப் புரிந்துகொண்டார்கள். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற கட்டற்ற மென்பொருளின் முதல் நிலையான பதிப்பு 2007இல் வந்த பிறகே லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டில் நம்பிக்கையோடு எழுதும் நிலை பரவலானது. 2021இல் வெளியான லினக்ஸ் உட்கரு 5.15இல் என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய இயக்கி உள்ளேயே சேர்க்கப்பட்டது.

இன்று உபுண்டுவில் பெரிய வேலை எதுவும் இல்லை. கோப்பு மேலாளரைத் திறந்தால் விண்டோஸ் பிரிவு அதன் பெயரிலோ அளவிலோ தெரியும். அதைச் சொடுக்கினால் போதும். சொடுக்கும்போது நடப்பதை ஆங்கிலத்தில் 'மவுண்ட்' என்பார்கள், தமிழில் 'ஏற்றுதல்' என்று சொல்லலாம். விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். புதிய வட்டை அந்த மரத்தின் ஒரு கிளையில் கொண்டுபோய் ஒட்டுகிறோம்.

ஒவ்வொரு முறையும் சொடுக்காமல் தானாகவே ஏற வேண்டுமென்றால் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, ஏற்றும் அமைப்புகளை மாற்றலாம். அதில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இருந்தால், ஏதோ காரணத்தால் அந்த வட்டு ஏறாவிட்டாலும் லினக்ஸ் பாதியில் நிற்காமல் திறந்துவிடும்.

அங்கே கோப்புகளை எடுங்கள், வையுங்கள். ஆனால் விண்டோஸின் சொந்த அமைப்புக் கோப்புறைகளில் கை வைக்காதீர்கள். விண்டோஸுக்குள் இருந்து பார்க்கும்போது அவற்றுக்குக் காவல் உண்டு. லினக்ஸிலிருந்து போகும்போது அந்தக் காவல் பெரும்பாலும் இருக்காது.

48 இலக்க எண் எங்கே?

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. கணினி திருடு போனாலும் யாரும் வட்டைக் கழற்றிப் படிக்க முடியாது என்பதால் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் லினக்ஸும் வெளியாள்தான். மறையாக்கம் செய்த பிரிவைத் திறக்கப் போனால் அது கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்பு எண்ணோ கேட்கும். சரியான எண்ணைக் கொடுத்தால் இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் திறக்க முடியும்.

அந்த எண் பெரும்பாலும் நீங்கள் கணினியைப் பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் நிறுவுவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினி திறக்கும் முறையை மாற்றினால் விண்டோஸே அந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை மீட்க வழியில்லை. கெட்டிக்கார நண்பன் ஒருவன் உடைத்துத் தருவான் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

விண்டோஸிலிருந்து லினக்ஸ் வட்டுக்கு

எதிர்த்திசைப் பயணம் இவ்வளவு சுலபமில்லை. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. கோப்பு மேலாளரில் அந்தப் பிரிவே தெரியாது. வெளிவட்டையோ பென் டிரைவையோ எக்ஸ்ட்4 முறையில் வைத்திருந்தால், "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கக்கூடும். வட்டு கெட்டுவிட்டது என்று பயந்து 'சரி' சொல்லிவிடாதீர்கள். வட்டில் எந்தக் கோளாறும் இல்லை, விண்டோஸுக்கு அந்த மொழி தெரியவில்லை. உங்கள் கோப்புகள் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன.

விண்டோஸ் 11இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் துணை அமைப்பின் வழியாக எக்ஸ்ட்4 வட்டை ஏற்ற முடியும். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. முழு வட்டையும் விண்டோஸின் கையிலிருந்து விடுவித்தே கொடுக்க வேண்டும். விண்டோஸ் குடியிருக்கும் அதே வட்டின் ஒரு பிரிவை மட்டும் இப்படிக் கொடுக்க முடியாது. ஒரே வட்டைக் கொண்ட நம் மடிக்கணினிகளுக்கு இது உதவாது. வேறு மென்பொருள்களும் இருக்கின்றன என்றாலும், மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லினக்ஸ் கோப்பு தேவைப்பட்டால் லினக்ஸுக்குள் போய் எடுத்து, இருவருக்கும் பொதுவான இடத்தில் வையுங்கள்.

நடுவில் ஒரு பொதுக் கூடம்

அந்தப் பொதுவான இடம்தான் மூன்றாவது பிரிவு. விண்டோஸுக்கு ஓர் அறை, லினக்ஸுக்கு ஓர் அறை, நடுவில் ஒரு கூடம். பாடக் குறிப்பு, படம், ஒலிப்பதிவு எல்லாம் கூடத்தில் இருக்கும். ஓர் அறையை இடித்துக் கட்டினாலும், அதாவது ஓர் இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினாலும், கூடத்தில் இருப்பது அப்படியே இருக்கும்.

அதை எந்த முறையில் அமைப்பது? எஃப்ஏடி32 பழையது, எல்லாக் கருவிகளும் படிக்கும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபி அளவை எட்டக்கூடாது. பாட்டியைப் படம் பிடித்த நீண்ட காணொளி ஒன்று அதைத் தாண்டியதால், இடம் இருந்தும் என் பென் டிரைவ் அதை ஏற்க மறுத்தது. எக்ஸ்எஃப்ஏடி முறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2006இல் வந்த அந்த முறையின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது. அதே ஆண்டு வந்த லினக்ஸ் உட்கரு 5.4 முதல் அதற்கு நேரடி ஆதரவும் உண்டு. மேக் கணினியும் அதில் எழுதும். எனவே வெளிவட்டுக்கு எக்ஸ்எஃப்ஏடி பொருத்தம்.

மடிக்கணினிக்குள் இருக்கும் பொதுப் பிரிவுக்கு நான் என்டிஎஃப்எஸ்ஸையே வைத்திருக்கிறேன். மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு, எக்ஸ்எஃப்ஏடியில் இல்லை. திடீரென மின்சாரம் போனால் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

தமிழ்ப் பெயர் வைக்கும்போது

நம் பத்திரிகை வாசகர்களுக்காக ஒரு சிறப்புக் குறிப்பு. நான் கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பேன். இரண்டு இயங்குதளத்திலும் தமிழ்ப் பெயர்கள் நன்றாகவே தெரியும். ஆனால் நீளத்தில் கவனம் தேவை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 தருவதோ 255 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள். 'கட்டுரை' என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறியீடு, 21 பைட். ஆகவே எக்ஸ்ட்4இல் ஒரு தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளைத் தாண்ட முடியாது. விண்டோஸில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயரோடு ஒரு கோப்பை லினக்ஸுக்கு நகலெடுத்தால், பெயர் மிக நீளம் என்று மறுத்துவிடும். பெயரைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

அதேபோல் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள்குறி ஆகியவற்றைப் பெயரில் சேர்க்க லினக்ஸ் அனுமதிக்கும், விண்டோஸ் ஏற்காது. பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு மட்டும் இருந்தால் எங்கேயும் தொல்லை இல்லை.

இன்னொன்று, உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் பொது நேரத்தைவிட 8 மணி முன்னே இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் எந்தக் கோப்பு புதியது என்று நேரத்தைப் பார்த்து முடிவு செய்வதற்கு முன்பு கடிகாரத்தைச் சரிபாருங்கள். பழைய கோப்பைப் புதியது என்று எண்ணி மேலெழுதிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

முடிவில்

இடுபணியைக் காலை 7.20க்கு அனுப்பினேன். தூக்கமில்லாத கண்ணோடு முதல் வேலையாக மூன்று இடங்களில் நகல் வைத்தேன். மடிக்கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பொதுப் பிரிவு வசதிக்காகத்தான், அது நகலுக்கு ஈடாகாது. ஒரே வட்டில் மூன்று அறை இருந்தாலும் வட்டு கெட்டால் மூன்றும் சேர்ந்தே போகும்.

நண்பர்களே, கணினி "முடியாது" என்று சொல்லும்போது உடனே அதை மீறும் வழியைத் தேடுகிறோம். ஏன் முடியாது என்கிறது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். புரியாத கட்டளையைத் தட்டுவதற்கு முன்பு, தெரிந்த ஒருவரை இரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் தவறில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது பாட்டிக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் கூர்ந்து கேட்டார். "யாரு இந்தப் பொம்பளை, நம்ம தோட்டத்துக் கதையை அப்படியே சொல்றா?" என்றார். "நீங்கதான் பாட்டி" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால், முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.